சாப்பாட்டுக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

1

எங்கள் பக்கம் பேனரில் ஏற வேண்டுமானால் ஒன்று கட்சியில் இருக்க வேண்டும், இல்லையென்றால் காது குத்திக்கொள்ள வேண்டும், அதுவும் இல்லையென்றால் செத்துப்போக வேண்டும். இந்த மூன்றையும் செய்யாமலே நான் ஏறிவிட்டேன்.

ஜூன் கடைசியில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தம்பி அண்ணாமலை வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். மலையில், காவலூருக்கு மேலே எங்கள் ஊர்க்காரர்கள் பஸ் ஏறும் இடம். புளியமரத்துக்கும் மின்கம்பத்துக்கும் நடுவில் ஒரு பேனர். மேலே நான் படித்த நர்சிங் கல்லூரியின் பெயர். இப்போது பெயருக்கு முன்னால் 'இன்டர்நேஷனல்' சேர்ந்திருக்கிறது. நடுவில் நான். எனக்குக் கீழே, 'எங்கள் மாணவி திருமதி அலமேலு, ஸ்டாஃப் நர்ஸ், அயர்லாந்து. அடுத்தது நீங்கள்தான்!'

அந்தப் படம் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் வாசலில் எடுத்தது. அன்று போட்டிருந்தது வெளிர்பச்சைச் சட்டை. பேனரில் அது வெள்ளையாகிவிட்டது. போகட்டும், துவைத்திருப்பார்கள். ஆனால் என் கழுத்தில் ஒரு ஸ்டெதஸ்கோப்பையும் மாட்டிவிட்டிருந்தார்கள். நன்றாகவே பொருந்தியிருந்தது. கொஞ்ச நேரம் நானே அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

படத்துக்குக் கீழே தம்பி எழுதியிருந்தான்: 'அக்கா, வெள்ளிக்கிழமை காலேஜ் பஸ் மேல வருது. சத்யாவ சேத்துட்டோம்.'

சத்யா அவனுடைய மூத்த மகள். பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள். நான் ஸ்டாஃப் நர்ஸ் இல்லை. அந்தக் கல்லூரியில் படித்ததால்தான் இல்லை. இந்த இரண்டு விஷயத்தையும் வெள்ளிக்கிழமைக்குள் என் தம்பிக்குப் புரியவைக்க வேண்டும். அதுதான் அன்று காலை என் தலையில் வந்து உட்கார்ந்தது.

2

நான் இருப்பது அயர்லாந்தின் மேற்குப் பக்கம், கடல் தெரியாத ஆனால் கடற்காற்று மட்டும் விடாமல் அடிக்கிற ஒரு சின்ன ஊர். கணவர் சேகர், ஒடுகத்தூர்க்காரர், ஒரு சூப்பர் மார்க்கெட் கிடங்கில் வேலை. மகள் மித்ராவுக்குப் பதினைந்து வயது.

என் வேலைக்கு இங்கே கேர் அசிஸ்டென்ட் என்று பெயர். வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டுவது, படுக்கையில் புரட்டிப் படுக்க வைப்பது, கழிவறைக்கு அழைத்துப் போவது, அழுதால் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்வது. மாத்திரை, ஊசி, மருந்துச் சீட்டு எதையும் தொடக் கூடாது. தாழ்ந்த வேலை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். சொல்கிறவர்கள் ஒருவரை ஒருமுறை வலிக்காமல் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு வந்து சொல்லட்டும். ஆனால் நான் நாலு வருடம் உட்கார்ந்து படித்தது வேறு வேலைக்கு.

நர்சுகளுக்குக் கருநீலச் சட்டை, எங்களுக்கு வெளிர்பச்சை. ஆள் வருவதற்கு முன்னால் நிறம் வந்து நாம் யார் என்று சொல்லிவிடும்.

பேனர் பார்த்த அன்று நோராம்மாவைக் குளிப்பாட்டும் முறை எனக்கு. உண்மையான பெயர் நோரா, 'அம்மா' நான் சேர்த்துக்கொண்டது. முன்பு பள்ளி ஆசிரியை. என் ஆங்கிலத்தை இன்றைக்கும் திருத்துவார். வந்த புதிதில் 'மாத்திரை போட்டீங்களா' என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி அவரிடம் கேட்டுவிட்டேன். "போடுவதா? எங்கே போடச் சொல்கிறாய், ஜன்னல் மேலா?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கு முழுவதும் சிரித்தார். அதற்குப் பிறகு என்னைக் கண்டாலே "இன்றைக்கு மாத்திரையை எங்கே போடலாம்?" என்பார்.

அன்று சிரிக்கவில்லை. காலுறையைக் கழற்றியபோது கணுக்காலில் அதன் தடம் குழிந்து நின்றது. முந்தைய நாளைவிட வீக்கம் அதிகம். தலைக்கு இன்னொரு தலையணை வேண்டும் என்றார். ஒரு வாக்கியம் பேசுவதற்குள் நடுவில் மூச்சு வாங்க நின்றார். இருதயம் சோர்கிறது, நுரையீரலில் நீர் கோக்கிறது என்று எனக்குத் தெரியும். இதற்கு என்னென்ன பார்க்க வேண்டும் என்று பரீட்சையில் எழுதி நல்ல மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

அன்று பொறுப்பிலிருந்த நர்ஸ் ஜின்சி. கோட்டயத்துப் பெண், என்னைவிடச் சின்னவள். அவளிடம் போய், "கால் நேற்றைவிட வீங்கியிருக்கிறது, தலையணை கூடக் கேட்கிறார், பேசும்போது மூச்சு வாங்குகிறது" என்று மட்டும் சொன்னேன். நோயின் பெயரை நான் சொல்லக் கூடாது. வந்த புதிதில் ஒருமுறை சொல்லிவிட்டேன். அப்போதிருந்த மேலாளர் அம்மா என்னைத் தனியாக அழைத்து, பார்த்ததைச் சொன்னால் போதும், அது என்ன என்று சொல்வது எங்கள் வேலை என்று பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னது சரிதான். லைசென்ஸ் இல்லாதவள் சொன்னதை நம்பி ஒரு உயிரை வைக்க முடியாது. அன்றிலிருந்து தெரிந்ததைத் தெரியாத மாதிரி சொல்லப் பழகிக்கொண்டேன். இந்த நாட்டில் நான் கற்றுக்கொண்டவற்றில் கஷ்டமான பாடம் இதுதான்.

ஜின்சி வந்து பார்த்தாள், டாக்டரை அழைத்தாள், மருந்து மாற்றினார்கள். மாலைக்குள் நோராம்மா கொஞ்சம் தெளிந்துவிட்டார். "நல்ல கண்ணு சேச்சிக்கு" என்று ஜின்சி என் தோளில் தட்டிவிட்டுப் போனாள். நல்ல பெண். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியில் காரை ஓரம் நிறுத்திவிட்டுக் கொஞ்சம் அழுதேன்.

3

ஜின்சியை முதலில் சந்தித்தபோது, எந்தக் கல்லூரி என்று கேட்ட கையோடு, "நீங்க படிச்ச வருஷம் நர்சிங் கவுன்சில் அனுமதி இருந்ததா சேச்சி?" என்று கேட்டாள். கேரளத்தில் வீட்டுக்கு இரண்டு நர்ஸ் இருப்பார்கள் போலிருக்கிறது. அத்தையோ சித்தியோ ஏதாவது ஒரு வளைகுடா நாட்டிலிருந்து கல்லூரிக் கட்டிடத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார்கள். எங்கள் ஊரில் படித்த முதல் நர்ஸ் நான்தான். எனக்கு முன்னால் கேட்க யாருமில்லை.

எங்களுக்கு வேறொரு கணக்கு இருந்தது. மலையில் விளைந்த புளியைக் கீழே மண்டிக்குக் கொண்டுபோனால், ஈரம் என்று ஒரு கழிவு, கொட்டை என்று ஒரு கழிவு, ஓடு என்று ஒரு கழிவு. தராசு அவர்கள் பக்கம், எடைக்கல் அவர்கள் பக்கம், கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம் மட்டும் நம் பக்கம். அதே வியாபாரி மலையேறி வந்தால் கதை வேறு. நம் வீட்டு வாசலில், நம் ஆட்கள் பார்க்க, எடை போட்டாக வேண்டும். ஆகவே மேலே ஏறி வருகிறவரை நம்பலாம் என்பது எங்கள் ஜனங்களுக்கு எலும்பில் ஊறிய விஷயம்.

இன்னொன்றும் உண்டு. மலையேறி வந்தவருக்கு முதலில் சோறு. அப்புறம்தான் வந்த காரியம். நம் வீட்டில் கை நனைத்தவரிடம் அதற்குப் பிறகு 'ஆதாரம் காட்டு' என்று கேட்பதில்லை. அப்படிக் கேட்பது, போட்ட சோற்றைத் திருப்பிக் கேட்பதற்குச் சமம்.

நான் பன்னிரண்டாவது முடித்த வருடம் அந்தக் கல்லூரியிலிருந்து இரண்டு பேர் பஸ்ஸோடு வந்தார்கள். எங்கள் மாவட்டத்துக் கல்லூரி அல்ல. கீழே இறங்கிப் பாதி நாள் போக வேண்டும். அவ்வளவு தூரத்திலிருந்து, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறார்களே என்று அப்பா உருகிவிட்டார். கோழி அடித்து, சாமைச் சோறு ஆக்கிப் போட்டோம். ரசித்துச் சாப்பிட்டார்கள். பல்கலைக்கழகத்தின் முத்திரை போட்ட ஒரு காகிதத்தைக் காட்டினார்கள். அப்பா காகிதத்தைப் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பொண்ண பத்திரமா பாத்துக்குவீங்களா?"

"எங்க பொண்ணு மாதிரி பாத்துக்குவோங்க" என்றார்கள். அதைச் செய்யவும் செய்தார்கள். ஹாஸ்டலில் ஒரு குறையும் இல்லை. அப்பா கேட்ட கேள்விக்கு அவர்கள் கொடுத்த பதில் உண்மை. கேள்விதான் தவறாகப் போயிற்று.

4

படித்து முடிக்கும்வரை எனக்குத் தெரியாத விஷயத்தை உங்களுக்கு இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். யாருக்காவது உபயோகப்படலாம். பரீட்சை வைப்பதும் பட்டம் கொடுப்பதும் பல்கலைக்கழகம். ஆனால் பட்டம் வாங்கியவர் நர்சாக வேலை செய்யலாமா என்று பதிவு செய்வது கவுன்சில். அந்தக் கல்லூரியில் போதுமான ஆசிரியர்கள் உண்டா, பயிற்சிக்கு நோயாளிகள் உண்டா என்று வந்து பார்த்து, அனுமதி கொடுப்பதும் அவர்கள்தான். அனுமதி ஒருமுறை கிடைத்தால் என்றைக்கும் நிலைக்கும் என்பது கிடையாது. இந்த வருடம் இருக்கும், அடுத்த வருடம் போய்விடும்.

எங்கள் கல்லூரியை ஒட்டி ஒரு ஆஸ்பத்திரி இருந்தது. அதில் கட்டில்கள் இருந்தன, நோயாளிகள்தான் இல்லை. ஆய்வுக்கு ஆட்கள் வந்த நாளில் எங்களில் சிலரையே நோயாளியாகப் படுக்க வைத்தார்கள். எனக்கு வயிற்றுவலி வேடம். பக்கத்துக் கட்டிலில் என் தோழி காய்ச்சல்காரி. போர்வைக்குள் சிரிப்பை அடக்க முடியாமல் நடுங்கியதால் அவள் நடிப்பு என்னுடையதைவிட நன்றாக இருந்தது. ஆய்வுக்கு வந்த அம்மா ஒருவர் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். பேனா மை ஒட்டியிருந்தது. என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வருடம் அனுமதி கிடைக்கவில்லை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. வகுப்பு நடந்தது, பரீட்சை நடந்தது, விளக்கேந்தி உறுதிமொழி எடுத்தோம், பட்டமும் கையில் வந்தது. பதிவு செய்யப் போனபோதுதான் கவுன்சிலில் திருப்பி அனுப்பினார்கள். கல்லூரியில் கேட்டால், "ஃபைல் போய்ருக்கும்மா, வந்துடும்" என்றார்கள்.

வரும் வரும் என்று வேலூரில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தேன். கல்யாணம் ஆனது, மித்ரா பிறந்தாள். ஒரு ஏஜென்சி அயர்லாந்துக்குக் கேர் அசிஸ்டென்ட் வேலைக்கு ஆள் எடுத்தது. அங்கே போய்விட்டால் பட்டத்தைக் காட்டி நர்சாகிவிடலாம் என்றார்கள். வந்த வேகத்தில் இங்குள்ள நர்சிங் வாரியத்துக்கு விண்ணப்பித்தேன். உங்கள் நாட்டில் நீங்கள் பதிவு பெற்ற நர்ஸ் என்று உங்கள் கவுன்சில் எழுதித் தர வேண்டும் என்றார்கள். கவுன்சிலோ உங்கள் வருடத்தில் உங்கள் கல்லூரி எங்கள் பட்டியலில் இல்லை என்றது. பல்கலைக்கழகத்தைக் கேட்டால், இவருடைய பட்டம் செல்லும் என்று அழகான கடிதம் வந்தது. வாரியம் அதைப் படித்துவிட்டு, நன்றி, ஆனால் நாங்கள் கேட்டது இது இல்லை என்றது. மூன்று பேரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. யாராவது ஒருவர் பொய் சொல்லியிருந்தால் அவரைத் திட்டியாவது ஆறியிருப்பேன்.

இங்கேயே முதலிலிருந்து படித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். விசா வேலையோடு கட்டியிருந்தது. வேலையை விட்டால் நாட்டையும் விட வேண்டும். விசா கட்டு அவிழ்ந்தபோது மித்ரா பள்ளிக்கூடத்தில் இருந்தாள், சேகருக்கு முதுகு போயிருந்தது, எனக்கு ஆசை போயிருந்தது.

5

ஊரில் இதையெல்லாம் நான் மறைத்ததில்லை. முதல் வருடமே தம்பியிடம் சொன்னேன். ஆனால் எங்கள் ஊரில் சட்டை போட்டுக்கொண்டு நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு நர்சம்மா என்றுதான் பெயர். அதற்கு மேல் நிறம் பிரிப்பதில்லை.

பேனர் வந்த மறுநாள் போன் செய்தேன். அவன் வீட்டில் சிக்னல் கிடையாது. பஸ் ஏறும் இடத்துக்கு வந்து, அந்தப் பேனருக்குக் கீழேயே நின்று பேசினான்.

"சத்யாவ அங்க அனுப்பாதடா."

"இன்னாக்கா சொல்ற? நீ படிச்ச காலேஜ்தானே?"

"அங்க படிச்சதாலதான்டா நான் நர்சா இல்ல."

"மொதல்ல அப்டிதான் வெச்சிருப்பாங்க, அப்பறம் நர்சா ஆக்கிடுவாங்கன்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். ஆக்கல."

அவன் குரல் மாறியது.

"அக்கா, அவங்க மேல வந்தாங்க. ரெண்டு வாட்டி வந்தாங்க. உன் போட்டோ கேட்டாங்க, நான்தான் குடுத்தேன். கவர்மெண்ட் காலேஜ்காரன் எவனாவது நம்ம வூட்டுக்கு வந்து உன் பொண்ண குடுன்னு கேட்டானா?"

"அவங்க வர மாட்டாங்கடா. நாமதான் கவுன்சிலிங்குக்கு எழுதிப் போடணும்."

"அது தேதி போய்டுச்சாம். இத வுட்டா ஒரு வருஷம் வூட்லதான் குந்தணும் அவ. நீ மட்டும் பிளேன் ஏறிப் போய்ட்ட, என் பொண்ணு பஸ்ஸு கூட ஏறக் கூடாதா?"

கோபத்தில் நானும் ஏதோ கத்திவிட்டேன். அவன் போனை வைத்துவிட்டான். சின்ன வயதில் என் ஹாஸ்டல் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடியவன். எங்கள் இருவருக்கும் அப்படிப் பேசிப் பழக்கமில்லை.

கல்லூரிக்கே போன் போட்டேன். என் பெயரைச் சொன்னதும் பேசிய ஆள் எழுந்து நின்றிருப்பார் போல, குரலில் அவ்வளவு மரியாதை.

"மேடம், நீங்கதான் மேடம் எங்க பெருமை."

"நான் நர்ஸ் இல்லைங்க. அந்தப் படத்த எடுங்க."

"எடுத்துடறோம் மேடம். டிசைன் பண்ண பையன் தப்பு பண்ணிட்டான்."

"இந்த வருஷம் கவுன்சில் அனுமதி இருக்குதுங்களா?"

"ஃபைல் போய்ருக்கு மேடம். வந்துடும்."

என் காலத்தில் போன அதே ஃபைல்தான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

மித்ரா சோஃபாவில் படுத்துக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் புரியும். பேசும்போதுதான் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைப்பாள்.

"அம்மா, நீங்க கேரர். அவங்க நர்ஸ்னு போட்டா அது பொய்தானே? ரிப்போர்ட் பண்ணுங்க."

"யார்கிட்ட?"

"யாராவது இருப்பாங்களே" என்றாள். இந்த நாட்டில் வளர்ந்த குழந்தைக்கு எல்லாவற்றுக்கும் யாராவது இருப்பார்கள். கவுன்சிலுக்கு மின்னஞ்சல் எழுதினேன். கிடைத்தது என்று தானாக ஒரு பதில் வந்தது. "சத்யா யாரு, ஊருக்குப் போனப்ப ஒரு கல்யாணத்துல என் முடியப் புடிச்சு இழுத்த பொண்ணா?" என்று மித்ரா கேட்டாள். ஆமாம் என்றேன். "அவ என்ன ஆகணும்னு நினைக்கறா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அத்தனை போனிலும் நான் அதை யாரிடமும் கேட்கவில்லை.

6

வியாழக்கிழமை சத்யாவே கூப்பிட்டாள். அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு, தண்ணீர் பிடிக்கப் போகிற சாக்கில் பஸ் ஏறும் இடத்துக்கு வந்திருந்தாள்.

"அத்தே, எனக்கு நர்சுதான் ஆவணும். நான் அந்தக் காலேஜுக்குப் போவட்டா வேணாமா? நீங்க சொல்லுங்க."

"நான் போவாதன்னா உங்கப்பா என்மேல கோவிச்சுக்குவான். போன்னா நீ என்னை மாதிரி ஆயிடுவ. நீயே கேட்டுப் பாரு. இந்த வருஷத்துக்கு கவுன்சில் குடுத்த அனுமதிய காட்டுங்கன்னு கேளு. பல்கலைக்கழகம் குடுத்தத காட்டுவாங்க, அது வேற."

"எல்லாரும் பாப்பாங்களே அத்தே. அப்பா சோறாக்கச் சொல்லிட்டாரு. முன்ன ரெண்டு வாட்டி வேற வூடுங்கள்ல சாப்ட்டாங்க, இந்த வாட்டி நம்ம வூட்லதான் சாப்புடறாங்க."

"சாப்புடறதுக்கு முன்னாடி கேளு."

நான் என்ன சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். மலையேறி வந்தவரை வாசலில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பது. எங்கள் வீட்டில் நான் அறிந்து யாரும் செய்யாத காரியம். அதைப் பதினேழு வயதுப் பெண்ணைச் செய்யச் சொல்லிவிட்டு நான் இங்கே பத்திரமாக உட்கார்ந்திருந்தேன்.

"சரிங்க அத்தே" என்றாள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை அவள் சொல்லித்தான் தெரியும். பஸ் வந்தது. இரண்டு பேர் இறங்கி வந்தார்கள். அண்ணாமலை கை கழுவச் செம்பில் தண்ணீர் கொடுத்தான். உள்ளே இலை போட்டாயிற்று. சத்யா வாசற்படியில் நின்று, கவுன்சில் அனுமதியைக் காட்டுங்கள் என்று கேட்டாள். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆள் சிரித்தார்.

"உங்க அத்தையே எங்ககிட்டதாம்மா படிச்சாங்க. அவங்களக் கேளு."

"அத்தைதாங்க கேக்கச் சொன்னாங்க" என்றாள் சத்யா.

ஃபைல் போயிருக்கிறது என்றார்கள். அப்போ வந்ததும் நான் வர்றேன் என்றாள். என் தம்பி அவளை அடிக்கக் கை ஓங்கினானாம். வந்தவர்கள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார்கள். கை நனைக்காமல் ஒருவர் வீட்டிலிருந்து போவது எங்கள் பக்கம் சாவு வீட்டில் மட்டும்தான்.

அன்று மாலை தம்பியிடமிருந்து ஒரே ஒரு குரல்செய்தி வந்தது. "சாப்புடாம போய்ட்டாங்கக்கா. சோறு அப்படியே கெடக்குது." திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊரில் நாலு பேர் முன்னால் அவன் தலை குனிந்ததை அந்த இரண்டு வாக்கியத்துக்குள் கேட்டேன். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. இன்றுவரை எடுக்கவில்லை.

சத்யா வீட்டில் இருக்கிறாள். அப்பா அவளோடு பேசுவதில்லை. அடுத்த வருடக் கவுன்சிலிங்குக்கு நான்தான் இங்கிருந்து தேதி பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்குள் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. அவளுக்கும் இருக்கும், சொல்ல மாட்டாள். நல்ல பெண்ணின் ஒரு வருடத்தை வாங்கிவிட்டேன். இடம் கிடைத்தால் நான் சொன்னது நல்லதாகும். கிடைக்காவிட்டால் அவள் வாழ்நாள் முழுக்க என்னை நினைத்துக்கொள்வாள்.

7

இதோடு முடிந்திருந்தால் இந்தக் குறிப்பை எழுதியிருக்க மாட்டேன்.

"பஸ்ஸு காலியாவா போச்சு?" என்று சத்யாவிடம் கேட்டேன். இல்லை என்றாள். எங்கள் ஊரிலிருந்தும் அடுத்த ஊரிலிருந்தும் மூன்று பெண்கள் ஏறினார்கள். சத்யா கேட்டது அவர்கள் வீட்டுக்கும் தெரியும். ஆனால் காலேஜ்காரர்கள் அவர்கள் வீடுகளில் ஏற்கெனவே சாப்பிட்டிருந்தார்கள்.

ஏறுவதற்கு முன் பேனருக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார்களாம். சத்யா அனுப்பினாள். புதுப் பை, புதுச் செருப்பு, தலை நிறையப் பூ. பின்னால் ஸ்டெதஸ்கோப்போடு நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழகம் கொடுத்தது, கவுன்சில் கொடுக்கவில்லை. எங்கள் மலைக்கு அந்த இரண்டுமே தேவைப்படவில்லை. என் முகம் போதுமாக இருந்தது.

மூவரில் ஒருத்தி தீபா. அவள் அம்மா என்னோடு ஒரே பள்ளியில் படித்தவள். தீபாவின் எண்ணை வாங்கி, ஹாஸ்டலுக்குக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் கத்தினாள். பக்கத்தில் இருந்த பெண்களிடம் "பேனர்ல இருக்காங்கல்ல, அந்த அத்தே!" என்று சொல்வது கேட்டது.

"அத்தே, உங்கள மாதிரியே ஆவணும்னுதான் வந்தேன்."

நான் வரிசையாகச் சொன்னேன். கவுன்சில், அனுமதி, பதிவு, என் வேலை, என் சட்டையின் நிறம். குளிப்பாட்டுவதையும் கழிவறைக்கு அழைத்துப் போவதையும் சொன்னேன். இன்னும் நாள் இருக்கிறது, வீட்டுக்குத் திரும்பு என்று சொன்னேன். நோயாளியிடம் பேசுவதுபோல மெதுவாக, ஒவ்வொன்றாக.

"ஃபைல் போய்ருக்குதுன்னு சொன்னாங்க அத்தே" என்றாள். "வந்துடுமாம். உங்களுக்கும் அப்டிதானே வந்துச்சு?"

"எனக்கு வரலம்மா."

அவள் யோசிப்பது தெரிந்தது. மூச்சுச் சத்தம் கேட்டது. இன்னும் ஒரு நிமிடம் இருந்திருந்தால் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பாள் என்று இப்போதும் நம்புகிறேன். அதற்குள் அந்தப் பக்கம் மணி அடித்தது. எனக்குத் தெரிந்த மணி. மெஸ்ஸில் தட்டுகள் உரசும் சத்தம்கூட மாறவில்லை.

"சாப்புடக் கூப்புடறாங்க அத்தே. சாப்ட்டுட்டு வந்து பேசறேன்."

சாப்பிட்டுவிட்டால் கேட்க மாட்டாள். அவளும் எங்கள் மலைப் பெண்தான். ஆனால் பசியோடு இருக்கிற பிள்ளையிடம் வேறு என்ன சொல்ல முடியும்?

"போய்ச் சாப்பிடும்மா" என்றேன்.